கருப்புக் கோட்டில் ஒரு வெள்ளை முடி

மாலை வெயில் தையல் மேசைமேல் சாய்ந்து விழுகிறது. சற்று நேரத்தில் கொடுக்க வேண்டிய கருப்புக் கோட்டின் தோளில் ஒரு வெள்ளை முடி மினுங்குகிறது. எங்கள் வெள்ளைப் பூனைக்குக் கடையில் பெயர் மேனேஜர். வெட்டிய துணி எதுவானாலும் அதன்மேல் படுத்துத் தூங்குவதுதான் உத்தியோகம். பதினாலு வருஷமாக, கொடுக்கும் முன் ஒட்டும் டேப்பால் அதன் முடியை ஒற்றி எடுப்பதுதான் என் கடைசி வேலை. மேனேஜர் செத்துப் பதினோரு நாள் ஆகிறது. இந்தத் துணி வந்ததோ முந்தாநாள். முடியை டேப்பில் எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடிக்கிறேன். “அதுல என்னங்க ஆராய்ச்சி?” என்கிறாள், பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும் மனைவி. “மேனேஜரோடதும்மா. எப்படி வந்துச்சுன்னுதான் புரியல.” “கண்ணாடி பாத்து எத்தனை நாளாச்சு? உங்களோடதா இருக்கும்.” மேனேஜரை ஈரக் குட்டியாகச் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்த அன்று என் தலை இந்தக் கோட்டைவிடக் கருப்பு. எப்போது வெளுத்தது? ஒருத்தரும் சொல்லவில்லையே! மனைவி எழுந்து வந்து, கேட்காமல் கொள்ளாமல் என் காதோரத்தில் ஒன்றைப் பிடுங்கி, டேப்பில் அந்த முடியின் பக்கத்தில் ஒட்டுகிறாள். இரண்டும் ஒரே நீளம், ஒரே வெள்ளை. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறோம். “இப்ப எதுங்க அதோடது?” என்கிறாள். குரலில் கேலி இல்லை. எனக்கும் தெரியவில்லை. வாசலில் கோட்டுக்காரர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது. “தூக்கிப் போட்டுறவா?” என்கிறேன். “கையை எடுங்க” என்று அவள் டேப்பை இரண்டு முடியோடும் மடித்து ஊசி டப்பாவுக்குள் வைக்கிறாள். மூடி சரியாக விழவில்லை. இன்னொரு தரம் அழுத்துகிறாள்.