மூன்றாவது கியர்

காலையில் வஞ்சியூர் கோர்ட்டில் விவாகரத்து வாங்கிய ஹரிகுமாரும் ஸ்ரீலட்சுமியும் மத்தியானம் கரமனையில் ஒரே காரில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ ஒரு பணக்காரர் வைத்திருக்கும் ராஜா காலத்துக் கார். முன்பெல்லாம் கியர் மாற்றினால் பற்கள் அரைபடும் சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும். பற்களைச் சாய்த்து, வேகம் ஒத்த பிறகே அவை சத்தமில்லாமல் சேரும்படி புது கியர்பாக்ஸை வரைந்த இன்ஜினியர்கள் இவர்கள் இருவரும்தான். இன்று சோதனை ஓட்டம். முன்கண்ணாடியில் வெயில் வெள்ளையாக நிற்கிறது. அவள் குனிந்து காலடிப் பலகையை ஒட்டிக் காது வைத்திருக்கிறாள். அவன் மூன்றாவது கியருக்குத் தள்ளுகிறான். "வல்லதும் சத்தம் கேக்கறதா?" என்கிறான். "ஒண்ணும் கேக்கலை. எப்போ மாத்தினேள்?" "இப்போதான்." இத்தனை வருஷச் சண்டைக்கு நடுவிலும் இருவரும் காத்திருந்த நிமிஷம் இது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பாலத்தருகே அவன் வண்டியை நிறுத்துகிறான். "அப்போ சரியாயிடுத்து." "ஆமாம்," என்கிறாள். கதவைத் திறக்க இருவருமே கை நீட்டவில்லை.