கிழியாத படலம்

எழுபத்திரண்டு மணி நேரம் பூட்டிவைத்துக் காயவைத்த மூன்று படலங்களும் கிரிசெல்தா இழுத்ததும் கிழிந்தன.

யானினாவுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

கிழிந்தது லுத்மிலாவின் கலவை. மரவள்ளி மாவு, கிளிசரின், தண்ணீர். யானினாவுடையதும் அதேதான். ஆனால் லுத்மிலா தன் மேஜையில் காயவைத்தால் மட்டும் படலம் ரப்பர் போல நீண்டு கொடுத்தது.

அதை நம்பாமல்தான், ஆய்வகப் பொறுப்பாளர் கிரிசெல்தா அந்தக் கலவையைத் தன் கையால் ஊற்றித் தன் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்.

அர்ஜென்டினாவின் போசாதாஸ் பல்கலைக்கழகத்தில் அவர்களுடையது சின்ன ஆய்வகம். மாத்தே பானத்துக்கு இலை தரும் யெர்பா செடியின் நாற்றுப் பண்ணைகளுக்கு, பிளாஸ்டிக்குக்குப் பதிலாக மண்ணில் மக்கும் பை செய்யப் பார்க்கிறார்கள். உலர்த்தும் பெட்டி பழுதாகி, அதன் உதிரிபாகம் எட்டு மாதமாகச் சுங்கத்தில் கிடக்கிறது. அதனால் அவரவர் தட்டை அவரவர் மேஜையில் மூடிபோட்டுக் காயவைக்க வேண்டியதுதான்.

முனைவர் பட்ட உதவித்தொகை ஒருவருக்குத்தான். வரிசையில் முதலில் லுத்மிலா. அடுத்து யானினா.

மூன்று வாரமாக யானினாவுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

மாத்தே குடிக்கும் கூட்டம்கூட லுத்மிலா மேஜையைச் சுற்றித்தான். நாள் முழுக்கக் கெட்டில் கொதிக்கும். குடுவை கை மாறும். சீப்பா ரொட்டித் துணுக்குகள் சிந்தும். கால்பந்து, மாமியார், அரசாங்கம் என்று பேச்சு ஓயாது.

லுத்மிலா யாரையும் விரட்டவில்லை. தன் முறைக்குக் குடுவையை வாங்கி உறிஞ்சிவிட்டு, தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பாள்.

அதுதான் யானினாவுக்குப் பொறுக்கவே இல்லை.

இன்று மாலைக்குள் காரணம் தெரியாவிட்டால் லுத்மிலாவின் முடிவை அறிக்கையிலிருந்து எடுத்துவிடப்போவதாகக் கிரிசெல்தா சொன்னார். குரலில் வருத்தம் இருந்தது. மாவு வேறா, தண்ணீர் வேறா, தட்டு வேறா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் ஒன்றுதான்.

கைராசி என்று ஒன்று உண்டு என்றான் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வால்தெமார். யாரும் சிரிக்கவில்லை.

யானினாவுக்குக் காரணம் தெரியும். நேற்றே தெரியும். லுத்மிலாவின் தட்டு மூடிக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்ததை அவள் பார்த்திருந்தாள். தன் மூடி எலும்பு போலக் காய்ந்திருந்தது.

வாயைத் திறக்கவில்லை. மாலை வரைக்கும்தானே.

லுத்மிலா தன் மேஜையருகே போய் நின்றாள். அழுவாள் என்று யானினா எதிர்பார்த்தாள். அவள் மூடியைத் தூக்கி உள்பக்கம் தடவினாள். ஈரமான விரலைப் பார்த்தாள். பிறகு கெட்டிலைப் பார்த்தாள்.

கெட்டிலின் ஆவி நாள் முழுக்கத் தட்டின் இடுக்குகளில் புகுந்திருக்கிறது. படலம் அவசரப்படாமல் காய்ந்திருக்கிறது. அவ்வளவுதான் என்றாள்.

கிரிசெல்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சுங்கத்தில் கிடக்கும் உதிரிபாகம் அங்கேயே கிடக்கட்டும், நமக்குக் கெட்டில் போதும் என்றார். இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம், எழுதுகிறவருக்கு உதவித்தொகை இடம் உறுதி என்றார்.

லுத்மிலா திரும்பி யானினாவின் தோளில் கை வைத்தாள்.

"யானினா பேரையும் போடுங்க. சன்னலோரம் கிடந்த கெட்டில இவதான் எம் மேஜைக்குக் கொண்டாந்து வெச்சா. நான் எழுந்து போகாமயே குடிக்கட்டும்னு."

கிரிசெல்தா வியப்போடு யானினாவைப் பார்த்தார். அப்படியானால் இரண்டு பெயரும் போட வேண்டியதுதான், இடத்துக்கு இருவரையும் சமமாக வைத்துத் திரும்பப் பரிசீலிக்கச் சொல்கிறேன் என்று பேனாவை எடுத்தார்.

யானினா சும்மா நின்றால் போதும்.

தோளில் இருந்த கை கனத்தது. பாதியையும் இவள் கொடுத்தா வாங்க வேண்டும்?

கையைத் தட்டிவிட்டாள்.

"நீ நிம்மதியா உக்காந்து ஒரு வரிகூட எழுதக் கூடாதுன்னுதான்டி வெச்சேன்."