மெய் நீக்கிய பெயர்

கடலில் மாண்டுபோனவர்களை அந்தத் தீவில் பெயர் சொல்லி அழமாட்டார்கள். முழுப் பெயரும் காதில் விழுந்தால் எழுந்து வந்துவிடுவார்களாம். அதனால் மெய்யெழுத்துகளை விழுங்கிவிட்டு, பெயரின் உயிரெழுத்துகளை மட்டும் நீட்டி அழுவார்கள். ஹெய்மாதாவும் தன் மகனை "ஆ... இ... ஓ... ஆ..." என்றுதான் அழுதாள். அவள் வீட்டிலேயே தங்கி, அவள் சுட்ட மீனைத் தின்று, அவளை அம்மா என்றே கூப்பிட்ட ஆய்வாளன் வேலவனை நம்பி, அந்த அழுகையைப் பதிவுசெய்ய விட்டாள். ஏன் அப்படி அழுகிறோம் என்பதையும் சொன்னாள்.

வெளியூர் அறிஞர்கள் நிறைந்த கூடத்தில், அவளை முன்வரிசையில் உட்காரவைத்து, அவன் அதை ஒலிக்கவிட்டான். "இவங்க மொழியில மெய்யெழுத்து கொஞ்சம்தான். ஒண்ணொண்ணா வச்சுப் பாத்தேன். இந்த உயிர் வரிசைக்கு ஒரே ஒரு பேருதான் பொருந்துது" என்றவன், அந்தப் பெயரை உரக்கச் சொன்னான்.

கூடமே கைதட்டியது. கைகள் ஓய்ந்த பிறகும் தட்டும் சத்தம் ஓயவில்லை. அது கதவிலிருந்து வந்தது. கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்தது.

வேலவன் வெளிறிப்போய் அவளைப் பார்த்தான். "அம்மா..."

"என்னை ஏன்டா பாக்குற? கூப்பிட்டது நீதானே. நீயே போய்த் தொற."