வாசல்படி வரைக்கும் கண்ணாடி

"உங்க அம்மாவுக்கு என் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கலைங்க."

தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொன்னாள். பட்டன் போட்டுக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான்.

"காலங்கார்த்தால என்ன ஆச்சு?"

"புதுக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போறாங்க. எதிர் வீட்டுல போய் அரட்டை அடிக்கிறாங்க. நம்ம வாசப்படியை மிதிச்சதும் கழட்டி டப்பாவுல வச்சிடறாங்க. நேத்து சர்க்கரைன்னு நினைச்சு டீயில உப்பைப் போட்டுக் குடிச்சாங்க. அப்பவும் கண்ணாடி போடலை."

"பவர் சரியில்லையோ என்னவோ. கடையில காட்டிட்டு வா."

"பவர் எல்லாம் சரிதான். ஃப்ரேம் நான் பார்த்து எடுத்தது இல்லையா, அதான்."

கண்ணாடிக் கடையில், "வீட்டுல மட்டும் போட மாட்டேங்கறாங்க" என்று சொல்லி மாமியாரை உட்கார வைத்ததும் குழந்தை சிணுங்கியது. பால் கொடுக்க மருமகள் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கடைக்காரர் எழுத்துப் பலகையைக் காட்டினார். மாமியார் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாள்.

"கச்சிதமா இருக்கேம்மா. மூக்குல அழுத்துதா?"

"இல்லை தம்பி. பூ மாதிரி இருக்கு."

"அப்புறம் ஏன் வீட்டுல போடறதில்லை?"

மாமியார் திரைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"முதல் நாள் போட்டுக்கிட்டு வீட்டைச் சுத்திப் பார்த்தேன் தம்பி. மூலைக்கு மூலை ஒட்டடை. பாத்திரமெல்லாம் பிசுக்கு. ஃபேன்ல ஒரு விரக்கடை தூசி."

"சொல்ல வேண்டியதுதானே?"

"கைப்பிள்ளைக்காரி. ராத்திரி பூரா தூக்கமில்லை, அது எதைன்னு பார்க்கும்? நானே துடைக்கலாம்னா முட்டி மடங்க மாட்டேங்குது. கண்ணுல பட்டுட்டா என் வாய் சும்மா இருக்காது. ஏதாச்சும் சொல்லிடுவேன், அது மூஞ்சி வாடிப் போகும். அதைப் பார்க்கறதுக்கா கண்ணாடி? கழட்டிட்டேன். இப்போ வீடு பளபளன்னு இருக்கு."

கடைக்காரர் சிரித்துவிட்டார். திரைக்குப் பின்னால் குழந்தை பால் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மருமகள் வெளியே வந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"பவர் சரியாத்தான் இருக்கும்மா," என்றார் கடைக்காரர். "ஃப்ரேம் வேணா மாத்திடலாமா?"

"வேண்டாம் அண்ணே." மாமியாரின் கண்ணாடியை மெதுவாகக் கழற்றி, குழந்தையின் துணியால் துடைத்தாள்.

"நல்ல டப்பாவா ஒண்ணு கொடுங்க. நான் ஒட்டடை அடிச்சு முடிக்கிற வரைக்கும் பத்திரமா இருக்கட்டும்."