முயலறையில் எட்டுத் தப்பு

“முயலுக்கு முன்னறை. மனுஷிக்கு இடமில்லை. நல்லா இருக்குதுங்க உங்க நியாயம்!”

மேரி போட்ட சத்தம் தெருவின் மறுகோடி வரை கேட்டிருக்கும். அவள் புருஷன் தியோடரின் காதில் மட்டும் விழவில்லை. முன்னறையில் குனிந்து உட்கார்ந்து ஒரு மரப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் கம்பவுண்டராக இருந்தவர். மருந்தை அரைச் சொட்டு கூடவும் விடமாட்டார், குறையவும் விடமாட்டார். சொந்த ஊருக்குக் கப்பலேறிய டாக்டரம்மா, தன் இரண்டு முயல்களை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். வயலில் ஓடுகிற முயல் இல்லை. சீமை முயல். ஒவ்வொன்றும் ஐந்து மாதக் குழந்தை கனம்.

“தோட்டத்துல கூண்டு கட்டி வுட்டா என்னா?”

“நாய்” என்றார் தியோடர்.

ஜன்னல் வழியே சபை மூப்பர் கிருபானந்தம் எட்டிப் பார்த்தார். “என்னா தியோடர், ரூமை வாடகைக்கு வுட்டுட்டியா?”

“ஆமாண்ணே. கரெண்டு எரிக்காத குடித்தனம்.”

மூப்பர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மேரிக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஞானசௌந்தரி அக்கா நாளைக்கு ரூமைக் காலி பண்ணணும். எங்க போவாங்க?”

“நீதான் ரெண்டு தபா கூப்ட்டியே. மாட்டேன்னுட்டாங்களே.”

“மூணாந்தபா கூப்டலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இதுங்களைக் கொண்டாந்து உள்ள வுட்டுட்டீங்க!”

அறுபதாம் வருஷம் ஏப்ரல் ஒன்றாம் தேதி எல்லை பிரிந்து, திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு போனது, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. பின்னாலேயே சபையில் பதினான்கு தமிழ்க் குடும்பங்கள் மூட்டை கட்டின. பள்ளிக்கூடத்துத் தமிழ் வகுப்பில் மிஞ்சியது ஆறு பிள்ளைகள். வகுப்பை மூடிவிட்டார்கள். டீச்சர் ஞானசௌந்தரிக்கு வேலையும் போனது, பள்ளிக்கூடம் கொடுத்திருந்த அறையும் போனது. அரக்கோணத்தில் இருக்கிற அண்ணன் மகனுக்கு இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. ஆனாலும் வீம்பு குறையவில்லை.

“ஒருத்தர் வூட்டுல சும்மா குந்திக்கினு துன்ன மாட்டேன் மேரி. அரக்கோணத்துக்கே போறேன். கதவு தொறந்தா தொறக்கட்டும்” என்று சொல்லியிருந்தார்.

அன்று சாயந்தரம் சொல்லிக்கொண்டு போக வந்தார் ஞானசௌந்தரி. மேரி காபி கலக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் தியோடர் ஆரம்பித்துவிட்டார்.

“டீச்சரம்மா, எங்க முயலைப் பாத்துட்டுப் போங்க. ரூமு பூரா நானே செட்டு பண்ணேன்.”

மேரிக்கு உடம்பு கூசியது. தங்க இடமில்லாதவரைக் கூப்பிட்டு, முயலின் இடத்தைக் காட்டுகிற மனுஷனும் உண்டா?

கதவைத் திறந்ததும் ஒரு முயல் தாவி வந்தது. பளபளப்பான சிவப்புத் தரையில் நாலு காலும் நாலு பக்கம் வழுக்கிப் போக, வயிறு தரையில் பட விழுந்தது.

“ஐயையோ! தியோடர், இந்தத் தரையில இதுங்களுக்குக் கால் நிக்குமா? ஒரு கோணிகூடப் போடலியா?”

“கோணி போடணுமா?”

“பொட்டிக்கு ஏன் ஒரே வாசல்? பயந்துச்சின்னா பின்னால ஓட வழி வேணாமா? பின்னங்கால்ல எழுந்து நின்னா தலை வேற இடிக்கும். அளந்து பாத்தீங்களா?”

“குத்துமதிப்பாத்தான்...”

மேரி திரும்பிப் பார்த்தாள். இந்த மனுஷன் வாயில் அந்த வார்த்தை வந்து, இருபத்தாறு வருஷத்தில் அவள் கேட்டதில்லை. வயசாகிறது போலிருக்கிறது.

பள்ளிக்கூட விடுதியில் பன்னிரண்டு வருஷம் முயல் வளர்த்தவர் ஞானசௌந்தரி. தரையில் உட்கார்ந்து விரலை மடக்க ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் வைத்த தகரத் தட்டு ஏற்கெனவே கவிழ்ந்து கிடந்தது. மேற்கு ஜன்னல் வெயில் நேராகப் படுக்கையில் விழுந்தது. ரேடியோ ஒயர், முயல் கடிக்கத் தோதாகத் தரையோடு ஓடியது. ஒதுங்குவதற்கு வைக்கோல் போட்ட மூலை ஒன்றுகூட இல்லை.

“பேராவது வெச்சீங்களா?”

“பெரிசு, சின்னது.”

“அது பேரா? எட்டுத் தப்பு! என் கிளாசுல மூணாவது படிக்கிற பசங்க இதைவிட ஒழுங்கா செய்யும்.”

“வுடுங்க டீச்சரம்மா. போகப் போகப் பழகிக்கும்.”

“பழகிக்குமா? ஒரே மாசத்துல ரெண்டும் கண்ணை மூடிடும்!” ஞானசௌந்தரி பெரியதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அது மூக்கை அவர் முழங்கைக்குள் நுழைத்துக்கொண்டது. “நாளைக்கு நான் ரயில் ஏறல. என் டிரங்குப் பொட்டிய எடுத்துக்கினு வாங்க. இந்த ரூம்லயே படுத்துக்கறேன்.”

“ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?”

“உங்களுக்காகன்னு நெனச்சிக்காதீங்க. எட்டையும் சரி பண்ண ஒரு மாசம் ஆவும். அதுக்கு மேல ஒரு நாள் இருக்க மாட்டேன். ஆமா.”

தியோடர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மேரி பின்னாலேயே படி வரை வந்துவிட்டாள். அவளுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், மானம் போனது ஒரு பக்கம்.

“ஏங்க, ஒரே ஒரு ரூமுக்குள்ள எப்படிங்க எட்டுத் தப்பு பண்ணீங்க?”

தியோடர் உள்ளே ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எட்டு இல்ல மேரி, ஒம்பது. ஒண்ணு இன்னும் அவங்க கண்ணுல படல. அது அடுத்த மாசத்துக்கு.”