நரம்பு சாய்ந்த பக்கம்

"ஏரி மேல நடக்குறானா? படகு இல்லாமயா? இன்னாடி கத வுடற?"

"கத இல்ல அத்த. தண்ணி ஐஸாயிடுச்சாம். நீயே வந்து பாரு."

ரங்கம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மருமகள் பூவிழியின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். போனில் அவள் மகன் தேசப்பன். கனடாவில் மீன் வெட்டும் கம்பெனியில் வேலை. இங்கே லைட்ஹவுஸ் குப்பத்தில் பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே இப்போதுதான் விடிந்து, கண் கூசும் வெள்ளையாக வெயில் அடித்தது. லீவு நாள். உறைந்து கிடந்த ஏரியில் ஓட்டை போட்டுத் தூண்டில் நரம்பை உள்ளே விட்டிருந்தான். வாளி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் போனை நிறுத்திவிட்டு, ஓட்டைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

"நைனா, குளுருதாடா?"

"ரெண்டு சாக்ஸ் போட்டுக்கினு இருக்கேன்மா."

"சாமி கணக்கா தண்ணி மேல குந்திக்கினு இருக்கான் பாரு. அதுல எறா கெடைக்குமா?"

"எறா கடையிலதான்மா கெடைக்கும். இங்க ஒரு பொடி மீன்கூட இன்னும் மாட்டல."

பூவிழியோ அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்கு இன்னும் ஒரு கூச்சம் இருந்தது. ஊர் ஏரியில் இருவரும் நண்டு வலைக்குப் போன வருஷங்களில் எல்லாம் அவள் பார்த்தது அவன் முதுகைத்தான். அவன் முன்னால் நின்று கழி ஊன்றுவான்; அவள் பின்னால் உட்கார்ந்து வலை விடுவாள். தண்ணீர் ஓட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று வலையைப் பார்த்து அவள்தான் சொல்வாள். "பீச்சாங்கை பக்கம்" என்றால் போதும்; திரும்பிக்கூடப் பார்க்காமல் படகைத் திருப்பிவிடுவான். அவ்வளவு நம்பிக்கை. ஆனாலும் ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்க மாட்டானா என்று இருக்கும் அவளுக்கு. அவன் கடல் தாண்டிப் போன பிறகுதான் அந்த முகம் அவளுக்கு முழுசாகக் கிடைத்தது.

"இன்னா அப்டி பாக்குற?" என்றான்.

"தாடி வுட்டுக்கினு இருக்கியே, அதான்."

"நல்லாருக்குதா?"

"ஆடு கணக்கா இருக்குது."

அவன் சிரித்துக்கொண்டே தாடியைத் தடவினான். அப்போதுதான் அவள் கண் ஓட்டையின் மேல் விழுந்தது. நேராகத் தொங்கிய நரம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

"யோவ், நரம்பு சாயுது."

"மீனா இருக்கும்."

"மீன் வெட்டி வெட்டி இழுக்கும். இது ஒரே மாதிரி சாயுது. கீழ தண்ணி ஓடுதுயா."

"ஐஸுக்கு அடியில ஏது ஓட்டம்? இது சும்மா கெடக்குற தண்ணி. நம்ம ஏரி மாதிரி கடலுக்கு முகத்துவாரமா இருக்குது?"

சொல்லி முடிப்பதற்குள், எங்கோ கட்டை முறிந்தது போல ஒரு சத்தம். தேசப்பன் துள்ளி எழுந்தான். அவன் கால் பட்டு, நரம்பு சுற்றிய கட்டை ஓட்டைக்குள் விழுந்து, நரம்போடு மறைந்தது.

"நைனா, இன்னாடா சத்தம்?" என்றாள் ரங்கம்மாள்.

"நான் வந்த வழி வெடிச்சிருச்சிமா." அவன் குரல் சிறுத்துப் போயிருந்தது. "பூவு, கம்பெனியில சொன்னாங்க. கீழ ஓட்டம் வந்தா, அது ஓடுற பக்கம் ஐஸு மெலிசாயிடும், அங்க கால் வெக்காதேன்னு."

"அப்ப எதிர்ப் பக்கமா ஓடுயா."

"எது எதிர்ப் பக்கம்? ரெண்டு பக்கமும் கரை தெரியுது. நரம்பு எந்தப் பக்கம் சாஞ்சிது? நான் பாக்கலடி. உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

வேறொரு நாளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாசம் ஓட்டியிருப்பாள். இப்போது அவள் கண்ணில் நரம்பு மட்டும்தான் நின்றது. சாய்ந்தபடி, அப்படியே. படகில் சொல்வது போலவே சொன்னாள்.

"சோத்தாங்கை பக்கம் சாஞ்சிது. நீ பீச்சாங்கை பக்கமா போ."

"நல்லாப் பாத்தியா?"

"கண்ணால பாத்தேன்யா. போனெல்லாம் வாணாம், வுட்டுட்டு ஓடு."

படகில் போலவே, அவள் சொன்ன மாத்திரத்தில் அவன் ஓடினான். போனை விட்டு மறைந்தான். கொஞ்ச நேரம் பனி நொறுங்கும் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

பூவிழி மூச்சு விட்டாள். இத்தனை தூரத்திலிருந்தும் அவள் சொல்லை எடுத்துக்கொண்டு கரைக்குப் போகிறான். இறுக்கி மூடியிருந்த விரல்களை மெல்லப் பிரித்தாள்.

ரங்கம்மாள் இன்னும் போனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது? நரம்பு சாஞ்ச பக்கமாவே ஓடியிருக்கான்?"

பூவிழி பார்த்தாள். ஓட்டையிலிருந்து புறப்பட்ட காலடித் தடம், நரம்பு சாய்ந்த அதே பக்கமாக, அவளுடைய சோத்தாங்கைப் பக்கமாகப் போயிருந்தது. பெயர் சொல்லிக் கத்தினாள். வாளி மேல் இருந்த போனுக்கு எதிரே யாரும் இல்லை. காலடிச் சத்தமும் நின்றிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கு அவளுடைய சோத்தாங்கைப் பக்கம்தான் பீச்சாங்கைப் பக்கம். இத்தனை வருஷமும் அவன் முதுகைப் பார்த்தே வழி சொல்லிப் பழகியவள், இன்றுதான் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தாள்.