தொட்டி வாசல் காவல்

“தண்ணி விடாதீங்க! உள்ள ஆள் இருக்கான்!”

அந்த மனிதர் தொட்டிக்குத் தண்ணீர் விடும் வால்வின் சக்கரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஷிப்ட் சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

வால்வைச் சோதிக்க வந்தவள் கருவிப் பெட்டியைக் கீழே வைத்தாள். உள்ளே யார் என்று அவள் கேட்கவில்லை. போன வருஷம் இதே தொட்டிக்குள் செத்துப்போன ஃபிட்டரைத்தான் அவர் சொல்கிறார். அந்த ஃபிட்டர் அவளுடைய அப்பா.

அணுமின் நிலையத்தில் ஒருவர் தொட்டிக்குள் இறங்கினால் இன்னொருவர் வாசலில் காவல் நிற்க வேண்டும். காவல்காரர் மூன்று தட்டு தட்டினால், உள்ளே இருப்பவர் பதிலுக்கு இரண்டு தட்டு தட்டுவார். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். உள்ளே போனவர் வெளியே வரும்வரை காவல்காரர் இடத்தை விட்டு நகரக் கூடாது.

அன்று காவல் நின்ற இவர் நகர்ந்தார். ‘டார்ச் மங்குது, பேட்டரி கொண்டா’ என்று உள்ளேயிருந்து கேட்டதே ஃபிட்டர்தான். பேட்டரியோடு ஓடி வந்து மூன்று தட்டு தட்டினார், பதில் இல்லை. பக்கத்துக் குழாயில் வெல்டிங்குக்காக விட்டிருந்த வாயு தொட்டிக்குள் கசிந்திருந்தது. வாசனைகூட இல்லாத சனியன் அது.

அன்றிலிருந்து அவர் தினமும் தொட்டியைத் தட்டுவார். காதை இரும்பில் ஒட்டவைத்துவிட்டு, “பதில் தட்டுறான்” என்பார். நிலையத்தில் பாதிப் பேர் காதை வைத்துப் பார்த்தாயிற்று, யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. தொட்டி காலியாகக் கிடந்தவரை பாவம் என்று விட்டுவிட்டார்கள். இன்று அதை நிரப்பியாக வேண்டும். இது நிரம்பாமல் அணு உலையைத் தொடங்க முடியாது.

“கேமரா விட்டுப் பாத்தாச்சும்மா, உள்ள தூசிகூட இல்ல,” என்றார் சூப்பர்வைசர். “இன்னைக்கும் மல்லுக்கட்டினாருன்னா செக்யூரிட்டி வந்து குண்டுக்கட்டா தூக்கிட்டுப் போயிடுவாங்க. வேலையும் போயிடும். அப்புறம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான். எனக்கு வேலை கத்துக்குடுத்த மனுஷன். நான் எந்த வாயால செக்யூரிட்டியைக் கூப்பிடுவேன்?”

“வீட்டுல சாப்பாட்டுத் தட்டையும் மூணு தடவை தட்டிட்டுக் காத்திருக்காரும்மா,” என்றாள், அவள் அத்தை என்று கூப்பிடும் அவர் மனைவி. “சோறு ஆறிப்போகுது.”

சக்கரத்தை விடாமலே அவர் ஃபிட்டரின் மகளிடம் குரலைத் தாழ்த்தினார். “நீ கேட்டுச் சொல்லு கண்ணு. இவனுங்க காது வெறும் காது. நீ அவன் பொண்ணு. உள்ள இல்லன்னு நீ சொல்லிட்டா நான் பேசாம போயிடறேன்.”

அவள் பெட்டியைத் திறந்தாள். மூடிய வால்வுக்குள் மயிரிழை அளவு கசிவு இருந்தாலும் அதன் சத்தத்தைக் கண்டுபிடித்துவிடும் கருவி அது. காந்த முனையை வால்வின் வயிற்றில் ஒட்டி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். சோதனைக்காகக் குழாயை நகத்தால் சுண்டினாள். பெட்டியின் நெற்றியில் சிவப்பு விளக்கு டக்கென்று மினுக்கியது.

“தட்டுங்க மாமா.”

அவர் ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்தபடியே, ஸ்பானரால் தொட்டியில் மூன்று தட்டு தட்டினார். அவள் பெட்டியைக் கைக்குழந்தையைப்போல, அதன் முகம் தன் பக்கம் இருக்க, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

கண்ணைத் திறக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. “ஒண்ணும் கேக்கல மாமா.”

“நல்லாக் கேளும்மா. ரெண்டாவது தட்டு கொஞ்சம் தாமதமா வரும். அவன் பழக்கம் அது.”

மறுபடியும் மூன்று தட்டு. அவள் உதடு துடித்தது. சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்; அப்பா உயிர் போன இடம், அழாமல் என்ன செய்வாள்.

“வெறும் இரும்புதான் மாமா.”

“அப்போ... அவன் வெளிய வந்துட்டானா?”

“எப்பவோ வந்துட்டாரு. நீங்கதான் இன்னும் வீட்டுக்குப் போகல.”

அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் விரல்கள் ஒவ்வொன்றாக அதை விட்டன. போன வருஷத்திலிருந்து யார் கெஞ்சியும் கழற்றாத மஞ்சள் காவல் பட்டையைக் கையிலிருந்து உருவி அவளிடம் கொடுத்தார்.

“டூட்டி முடிஞ்சுது,” என்றார் மனைவியிடம். “பசிக்குது, வா.”

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் மனசு மாறிவிடப்போகிறது என்ற பயத்தில் வேகவேகமாக நடந்தாள். கதவருகே அவர் ஒரு கணம் தயங்கினார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

“ஒரு குடும்பத்தைக் காப்பாத்திட்டீங்கம்மா. உங்க பெட்டியைக் கோயில் கட்டித்தான் கும்பிடணும்,” என்ற சூப்பர்வைசர், தண்ணீரைத் திறக்கச் சொல்ல கண்ட்ரோல் ரூமுக்கு ஓடினார்.

அவள் தனியாக நின்றாள். காந்த முனையைப் பிடுங்கக் குனிந்தவள் பிடுங்கவில்லை. மஞ்சள் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு மண்டியிட்டு, வால்வின் குளிர்ந்த வயிற்றருகே வாயைக் கொண்டுபோனாள்.

“மாமா போயிட்டாருப்பா. இனிமே தட்டாதீங்க.”